சென்னையும் பலாலியும்

தாம்பரத்தில் மின்சார இரயிலில் ஏறுவோர், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் திரிசூலத்தை அடைவர். அந்நிலையத்திற்கு எதிரே அமைந்திருப்பதே சென்னை விமான நிலையம். அங்கிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே, கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை அடுத்துப் பலாலி விமான நிலையம் உள்ளது. இரண்டிற்கும் இடைப்பட்ட நேர்த்தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். சென்னைக்கு மதுரை இதனினும் தொலைவு என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

பலாலியின் ஓடுபாதை நெடியதன்று. ஆதலின் சுழல்விசிறி பூட்டிய சிறு விமானங்களே இவ்வழியில் செல்கின்றன. அவை மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் விரைவன. 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடமே வருகின்றது. ஆயினும் கால அட்டவணை ஒரு மணிக்கு மேற்பட்டே குறிக்கின்றது. வகுத்தல் பிழையன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரும் கணமுதல், சேருமிடத்தில் வந்து நிற்கும் கணம்வரை உள்ளதே பயண நேரம் எனப்படும். ஓடுபாதையின் முனையை அடையவும், முறை வரும்வரை காத்திருக்கவும் சில நிமிடங்கள் செல்லும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இல்லை. மேலும், விமானம் காற்றை எதிர்நோக்கியே எழுதல் வேண்டும். சென்னையின் பெரிய ஓடுபாதை சற்றுச் சாய்வாகக் கிழக்கு மேற்காய்க் கிடக்கின்றது. செல்லவேண்டிய திசையோ தெற்கு. எனவே, காற்றுக்கேற்பக் கிழக்கேயோ மேற்கேயோ எழுந்து, பின்னரே விமானம் தெற்கே திரும்பும்.

இவ்வழி புதியதன்று. 1947-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமாகிய டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையினின்று புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. அன்று காங்கேசன்துறை எனக் குறிக்கப்பெற்றது பலாலி நிலையமே.

பிற்காலத்தில் அப்போக்குவரத்து நின்றது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாக விளங்கிற்று. 2009-இல் போர் ஓய்ந்த பின்னும் பத்தாண்டுகள் வழி திறக்கவில்லை. அந்நாளில் சென்னையிலிருந்து வானவழியே யாழ்ப்பாணம் செல்பவர், சுமார் 640 கிலோமீட்டர் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, மீண்டும் வடக்கு நோக்கி 350 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வரவேண்டியிருந்தது. ஒன்றேகால் மணிப் பயணம் ஒரு பகற்பொழுதை விழுங்கிற்று. தாயோ தந்தையோ இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டவர்க்கு, கடைசியாக முகம் காண்பதும் காணாதொழிவதும் இந்த வேறுபாட்டிலேயே இருந்தன.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் பலாலி, பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. அடுத்த திங்களிலேயே சென்னை விமானம் வரத் தொடங்கிற்று. 2020-இல் பெருந்தொற்றினால் தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டும் தொடர்ந்தது. இரு நாடுகளுக்கு இடைப்பட்ட பயணமாதலின் கடவுச்சீட்டு ஆய்வும் சுங்கச் சோதனையும் உண்டு. தாம்பரத்தினின்று செல்வோர் திரிசூலத்தில் காத்திருக்கும் நேரம், கடலைக் கடக்கும் நேரத்தினும் மிகுதி.