தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர் எங்கே தயாராகிறார்?

சித்தூர் மாவட்டத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் இருப்பது நம் சங்க அன்பர்கள் அறிந்ததே. வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-இல் உருவான மாவட்டம் இது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு இங்கே வந்தது. கோட்டை எங்கே போட்டாலும் இருபுறமும் இரு மொழியும் இருக்கத்தான் செய்யும். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துக் கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. உத்தியோகத்துக்காகத் திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் வந்து தங்கிய நம்மைப் போன்றவர்கள் பிற்பாடு சேர்ந்தவர்கள்.

பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறோம், மனு கொடுக்கிறோம். கட்டடம் கேட்கிறோம், பாடநூல் கேட்கிறோம். அந்தப் பள்ளிக்கு வரவேண்டிய ஆசிரியர் எங்கே, எப்படித் தயாராகிறார் என்று கேட்பவர் குறைவு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் உரிமை. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு வழிமுறை வகுத்தனர். ஒரு தொடக்கப் பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ சிறுபான்மை மொழியினராக இருந்தால், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். 1956-இல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350-அ பிரிவைச் சேர்த்து, தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்றது. பத்துப் பிள்ளைகளை நாம் சேர்த்துவிடலாம். தகுதி பெற்ற ஆசிரியர் கிடைக்காவிட்டால் அந்தச் சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

ஆசிரியராக வழிகள் இரண்டு. ஒன்று டி.எல்.எட். எனப்படும் தொடக்கக் கல்விப் பட்டயம். இன்டர்மீடியட் முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம்; இரண்டு ஆண்டுகள். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் ஏற்பட்ட ‘டயட்’ நிறுவனங்களில் நம் பழைய மாவட்டத்துக்குரியது கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. மற்றொன்று பட்டம் பெற்றபின் படிக்கும் பி.எட். 2015 முதல் இதுவும் இரண்டு ஆண்டுகள். இருபது வாரங்கள் பள்ளியில் நேரடிப் பயிற்சி. திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் பி.எட். உண்டு.

இங்கே பெற்றோர் பலர் குழம்புகிறார்கள். ‘பெண் பி.எட். முடித்துவிட்டாள், எந்த வகுப்பும் எடுக்கலாம்’ என்று எண்ணக் கூடாது. 1 முதல் 5 வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனிக் கலை என்பதே அதன் உட்பொருள். எனக்கு இது சரி என்றே படுகிறது. ரயில்வேயில் டீசல் எஞ்சின் தெரிந்தவர் என்பதற்காகப் புதிய பாதையில் வண்டியை ஓட்டச் சொல்வதில்லை. மூத்த ஓட்டுநரோடு போய் ‘ரோடு லேர்னிங்’ முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தப் பாதை அவருடையது.

பயிற்சியின் சாரம் என்ன? குழந்தை உளவியல், பாடத்திட்டம், மதிப்பீடு எல்லாம் உண்டு. அவை எங்கும் ஒன்றுதான். நம் பள்ளிகளுக்கு முக்கியமானது மொழி கற்பிக்கும் முறை.

வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் க வரிசையில் ஒலிக்கொரு எழுத்தாக நான்கு எழுத்துகள். தமிழில் ஒரே ‘க’. ‘காகம்’ என்ற சொல்லில் முதல் க வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் ஒலிப்பது ஏன் என்று பிள்ளை கேட்கும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு இடையிலும் மென்மை என்று, ‘பட்டம், படம், பண்டம்’ என எழுதிப் பிள்ளையையே கண்டுபிடிக்கச் செய்பவர் பயிற்சி பெற்ற ஆசிரியர். ‘அது அப்படித்தான்’ என்பவர் தமிழ் தெரிந்தவர், அவ்வளவே.

ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லை. ஆனால் கோழி அங்கே கோடி, ஏழு அங்கே ஏடு. தெலுங்கின் அந்த ‘ட’ பல இடங்களில் நம் ‘ழ’வுக்கு நேர் என்று காட்டினால் எழுத்துப்பிழை பாதி குறையும். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாட்டை ஆங்கிலம் வழியே விளக்க முடியாது. ‘மனம்’, ‘மேமு’ தெரிந்த பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். அக்கம்பக்கத்து மொழியை இடையூறு என்று பார்க்காமல் ஏணியாகப் பயன்படுத்தும் இந்தத் திறன், இரு மொழியும் அறிந்து முறையாகப் பயின்றவருக்கே வரும். சென்னையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தாலும் இது எளிதில் கிடைக்காது.

இன்னொன்று, ஓராசிரியர் பள்ளி. பிள்ளைகள் குறைவாக இருக்கும் தமிழ்ப் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளைச் சேர்த்து நடத்த நேரும். இதற்கான முறை வெளிநாட்டிலிருந்து வரவில்லை. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் உருவாயிற்று. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படி போல அடுக்கி, சில பிள்ளைகள் ஆசிரியரோடும் சிலர் ஒருவருக்கொருவர் உதவியும் சிலர் தாமாகவும் படிக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007 முதல் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. நம் மண்ணில் பிறந்ததைத் தமிழ்நாடு கொண்டுபோயிற்று. நம் தமிழ்ப் பள்ளிகள் அதைக் கேட்டுப் பெறலாமே!

ஆசிரியர் தயாராகாத இடத்தில் மொழி என்ன ஆகும்? கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவுக்கு 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். மாரியம்மன் வழிபாடு இன்றும் இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழ் இல்லை. மொரீசியஸிலும் வீட்டுத் தமிழ் தேய்ந்துதான் போயிற்று. ஆயினும் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது. 1970-இல் தோன்றிய மகாத்மா காந்தி நிறுவனம் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. மொழி வகுப்பறையிலாவது உயிரோடு இருக்கிறது.

படிப்பு முடிந்தபின் ‘டெட்’ எனும் தகுதித் தேர்வு: 150 வினா, இரண்டரை மணி நேரம். பொதுப் பிரிவினர் 90 மதிப்பெண் பெற வேண்டும். சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். அதன் மதிப்பெண்ணில் 20 விழுக்காடு டி.எஸ்.சி. தேர்வில் சேர்க்கப்படும். 2025-இல் ஆந்திராவில் டி.எஸ்.சி. வழியே 16,347 இடங்களுக்குத் தேர்வு நடந்தது. இடங்கள் பாடவாரியாகவும் பயிற்றுமொழி வாரியாகவும் அறிவிக்கப்படுகின்றன.

இன்டர்மீடியட் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ‘மார்க் எளிது’ என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே தமிழை விட்டுவிட்டு வேறு மொழிக்கு மாறினால், பின்னால் தமிழாசிரியர் இடத்துக்குப் போவது கடினம். டெட் தாளில் முதல் மொழிக்கு 30 வினா. அதற்குத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை ஒருமுறை பாருங்கள்.