சாதி, சியாட்டில், ஒரு புகார்

கேள்வி: சியாட்டிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். போன ஆண்டு எங்கள் குழுவுக்குப் புது மேலாளர் வந்தார். அவரும் தமிழர்தான், ஆரம்பத்தில் அன்பாகத்தான் பேசினார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது என் ஊரைக் கேட்டார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். அப்பா என்ன செய்தார், குலதெய்வம் எது என்று தொடர்ந்தார். நான் பட்டும் படாமலும் பதில் சொன்னேன், ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதிலிருந்து முக்கியக் கூட்டங்களுக்கு எனக்கு அழைப்பு இல்லை. நான் தொடங்கிய வேலை இன்னொருவர் கைக்குப் போனது. இந்த ஆண்டு மதிப்பீட்டில் முதல் முறையாகக் குறைந்த தரம். இங்கே சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது, மனித உரிமை ஆணையமும் இருக்கிறது என்கிறார்கள். என் கணவரோ, "அது சும்மா தன்னார்வலர் குழு, அதனால் ஒன்றும் ஆகாது. விசாவை வைத்துக்கொண்டு வம்பு எதற்கு?" என்கிறார். புகார் கொடுத்தால் நாங்கள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சியாட்டில்

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. சியாட்டில் மனித உரிமை ஆணையத்தில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத நகரவாசிகள்தான். மாதந்தோறும் கூடுவார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். மேயருக்கும் நகர மன்றத்துக்கும் ஆலோசனை சொல்வது அவர்கள் பணி. உங்கள் மேலாளரை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்த அதிகாரம் நகரத்தின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்கு உண்டு. அது சம்பளம் வாங்கும் விசாரணை அதிகாரிகள் உள்ள அரசுத் துறை. உங்கள் புகார் போக வேண்டிய இடம் அதுதான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஆணையத்தின் கூட்டத்தில் கண்ணீரோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, புகார் பதிவாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். காலக்கெடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பழக்கமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். தமிழ்நாட்டில் மனித உரிமை ஆணையம் என்றால் 1993-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அமைந்த மாநில ஆணையம். காவல் நிலையத்தில் அடித்தார்கள், அரசு மருத்துவமனையில் அலட்சியம் என்று அரசு ஊழியர்கள் மீது புகார் கொடுக்கும் இடம் அது. தனியார் நிறுவன மேலாளரின் விவகாரம் அதன் வரம்புக்குள் வராது. சாதிக் கொடுமைக்கோ நம் ஊரில் வழியே வேறு. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை, சிறை. சியாட்டிலில் நீங்கள் தொடுக்கப்போவது குற்றவழக்கு இல்லை. யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். இழந்த ஊதியம், பறிபோன பொறுப்பு, நஷ்டஈடு, நிறுவனத்தின் நடைமுறையில் மாற்றம், இவைதான் இங்கே கிடைக்கக்கூடியவை.

அப்படியானால் அந்தத் தன்னார்வலர் குழு எதற்கு என்று உங்கள் கணவர் கேட்கலாம். இதற்கு மட்டும் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

1963-இல்கூட சியாட்டிலில் கறுப்பினத்தவருக்கு வீடு தர மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லலாம். பல பேட்டைகளின் வீட்டுப் பத்திரங்களில் கறுப்பர், யூதர், ஆசியர் ஆகியோருக்கு விற்கக் கூடாது என்ற ஷரத்து அச்சடித்தே இருந்தது. இன்று நம்மவர்கள் வாடகைக்கு இருக்கும் தெருக்களிலும் அந்தப் பழைய பத்திரங்கள் இருந்திருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் இளைஞர்கள் மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். நகர மன்றம் மனித உரிமை ஆணையத்தை அமைத்தது. ஆணையம் வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்ட வரைவை எழுதிக் கொடுத்தது. மன்றமோ அதைத் தானே நிறைவேற்றாமல் மக்களின் வாக்குக்கு விட்டது. 1964 மார்ச் 10 அன்று ஆதரவாக 54,448 வாக்குகள், எதிராக 1,15,627. இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசத்தில் நகரமே கதவைச் சாத்தியது.

சட்டம் இல்லாத அந்த ஆண்டுகளிலும் ஆணையம் கலையவில்லை, கோரிக்கையும் சாகவில்லை. 1967-இல் சாம் ஸ்மித் நகர மன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 19 அன்று அதே நகர மன்றம் அதே நோக்கமுள்ள சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வாக்கெடுப்பில் தோற்ற கோரிக்கையை விடாமல் பிடித்திருந்த மனிதர்கள் இல்லையென்றால், அந்த ஏப்ரலில் நகர மன்றத்தின் மேசையில் சட்டம் தயாராக இருந்திருக்காது. தன்னார்வலர் குழுவின் பலம் இப்படிப்பட்டது. அதைச் சின்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அது உங்கள் மேலாளருக்கு நோட்டீஸ் அனுப்பும் பலம் இல்லை.

இனி உங்கள் வழக்கு. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6-க்கு 1 என்ற வாக்கில் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். கொண்டுவந்தவர் புனேயில் பிறந்த க்ஷமா சாவந்த். அடுத்த செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் அதே வழியில் வந்தது. அக்டோபரில் கலிஃபோர்னியா முழுமைக்குமான மசோதாவை ஆளுநர் நியூசம் ஏற்காமல் திருப்பி அனுப்பினார். சியாட்டில் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. இந்தச் சட்டம் இந்துக்களைக் குறிவைக்கிறது என்று நம்மவர்களில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். சட்டத்தைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது சாதிக்குக் கொடுக்கும் விளக்கத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. பிறப்பால் வரும் அந்தஸ்து, சாதிக்குள்ளேயே திருமணம், வழக்கமோ சட்டமோ மதமோ அங்கீகரித்த சமூகத் தடைகள், இவற்றால் ஆன இறுகிய அடுக்கு என்பதே அதன் சாரம். தேவாலயத்தில் தனி வரிசை பார்த்த நம் ஊர்க் கிறிஸ்தவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மேல்சாதி என்று சொல்லப்படுபவரை ஒருவர் சாதி சொல்லி ஒதுக்கினால் அவருக்கும் பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடம் சியாட்டில் நகர எல்லைக்குள்தானா? ரெட்மண்ட், பெல்வியூ, கிர்க்லண்ட் எல்லாம் நம் பேச்சில் சியாட்டில்தான், சட்டத்தில் தனித்தனி நகரங்கள். சியாட்டில் சட்டம் அங்கே செல்லாது. வீட்டிலிருந்து சில நாள், அலுவலகத்திலிருந்து சில நாள் என்றால் குடிமை உரிமைகள் அலுவலகத்தை அழைத்து விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். எல்லைக்கு வெளியே என்றால் வாஷிங்டன் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நகர ஆணையத்தைப் போலன்றி இதற்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. மாநிலச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை, ஆனால் தேசிய பூர்விகம் என்பதற்குள் வம்சாவளியும் அடங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சாதி வம்சாவளி அல்லாமல் வேறென்ன என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். மூன்றாவது கதவு, கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம். நிறுவனத்தின் அளவும் முக்கியம்: நகரச் சட்டத்துக்கு ஒரு ஊழியர் இருந்தாலே போதும், மாநிலச் சட்டத்துக்கு 8 பேர், கூட்டாட்சிச் சட்டத்துக்கு 15 பேர் வேண்டும்.

காலக்கெடு ஒவ்வொரு இடத்திலும் வேறு. உங்கள் மாநிலத்தில் கூட்டாட்சி ஆணையத்துக்கு 300 நாள், மாநில ஆணையத்துக்கு ஆறு மாதம். எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டுமென்றால் அந்த ஆறு மாதத்தையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

சான்று சேர்ப்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். இதில் நம்மவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். ஒன்று, கைபேசியில் ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்வது. வாஷிங்டன் மாநிலத்தில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய, பேசுகிற எல்லாருடைய சம்மதமும் வேண்டும். இல்லாவிட்டால் அதுவே குற்றம். இன்னொன்று, அலுவலக ஆவணங்களைக் கட்டுக்கட்டாகச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவது. வேலையை விட்டு நீக்க அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். அதற்குப் பதில் வீட்டில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, இடம், உடன் இருந்தவர்கள், அவர் கேட்ட வார்த்தைகள் அப்படியே தமிழில். அந்த மேலாளர் வருவதற்கு முன் உங்களுக்குக் கிடைத்த மதிப்பீடுகள் என்ன, அந்தச் சாப்பாட்டு நாளுக்குப் பின் எந்தெந்தக் கூட்டம் நின்றது, அதே தகுதியுள்ள மற்றவர்களை எப்படி நடத்தினார்கள், இந்த வரிசை தெளிவாக இருக்க வேண்டும். ஆறு ஆண்டு நல்ல தரம், அந்த உரையாடல், பிறகு சரிவு என்று காலக்கோடு நேராக நின்றால் விசாரணை அதிகாரி அதைத் தாண்டிப் போக முடியாது.

ஒன்றை எதிர்பார்த்தே போங்கள். எதிரே இருக்கும் அதிகாரிக்கு "எந்தத் தெரு?" என்பது சாதாரண விசாரிப்பாகத்தான் படும். நம் கிராமங்களில் ஊரும் காலனியும் தனித்தனியாக இருப்பது, தெருவைச் சொன்னாலே சாதியைச் சொன்னதாகிவிடுவது, குலதெய்வத்தைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள, இதெல்லாம் அவருக்குப் பாடமாகத்தான் சொல்ல வேண்டும். உங்களை அவமானப்படுத்திய ஒன்றை நீங்களே உட்கார்ந்து விளக்க வேண்டியிருப்பது இன்னொரு அவமானம் போலத் தோன்றும். தோன்றட்டும், விளக்குங்கள். முடிந்தால் ஒரு பக்கத்தில் எழுதி இணைத்துவிடுங்கள். அடுத்து வரும் பெண்ணுக்கு அந்த அதிகாரி ஏற்கெனவே பாடம் படித்தவராக இருப்பார்.

உங்கள் பெயரை மறைத்து விசாரணை நடத்த முடியாது. புகார் பதிவானதும் நிறுவனத்துக்குத் தகவல் போகும், அவர்கள் பதில் எழுதுவார்கள். விசாரணை அதிகாரி உங்கள் வக்கீல் இல்லை, இரண்டு பக்கத்தையும் கேட்பார். இடையில் சமரசம் பேசலாம். பாகுபாடு நடந்ததாக நம்பக் காரணம் இருக்கிறது என்று தீர்மானமானால் நிவாரணத்துக்கு மறுபடி பேச்சு, அதுவும் முறிந்தால் விசாரணை மன்றம். மாதங்கள் ஆகும், ஆண்டும் ஆகலாம். இத்தனை நாளும் உங்கள் சாதி ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சிலர் முகம் திருப்பலாம். அந்தப் பயம் வீண் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள்: உங்கள் மேலாளருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அவர் அதை யாரிடமெல்லாம் சொன்னார் என்பது உங்கள் கையில் இல்லை. புகாரில் நீங்கள் சொல்லும்போது, எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதாவது உங்கள் கையில் இருக்கும்.

விசா விஷயத்தில் உங்கள் கணவரின் கவலை நியாயமானது. வேலை போனால் பொதுவாக 60 நாள் வரைதான் அவகாசம். ஆனால் புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. முதல் புகார் நிரூபணமாகாமல் போனாலும் பழிவாங்கியது நிரூபணமாகலாம், நீங்கள் நம்பிக்கையோடு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். ஏழு ஆண்டுகளாக எச்-1பி என்கிறீர்கள். ஆறு ஆண்டைத் தாண்டியிருப்பதால் பச்சை அட்டைக்கான ஐ-140 ஒப்புதல் அநேகமாக உங்களுக்கு வந்திருக்கும். ஒப்புதல் வந்து 180 நாள் கடந்திருந்தால், நிறுவனம் பின்வாங்கினாலும் வரிசையில் உங்கள் தேதி உங்களுடையதே. இதைக் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் வக்கீலிடம் அல்ல, அவர் வேலை செய்வது நிறுவனத்துக்காக. சொந்தக் காசில் ஒரு மணி நேரம் வேறொருவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புகார் கொடுப்பேன். ஆனால் வேலை உங்களுடையது, விசாவும் உங்களுடையது, முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கொடுப்பதானாலும் வேண்டாமென்றாலும் இந்த வாரமே நோட்டுப்புத்தகத்தை எடுத்து அந்தச் சாப்பாட்டு நாளிலிருந்து எழுதத் தொடங்குங்கள். மதிப்பீடு வந்த தேதியிலிருந்து ஆறு மாதம் என்றைக்கு முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். குறைந்த தரத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், அதில் பாகுபாடு என்ற சொல் இருக்கட்டும், தேதியோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.