அவசர காலத்துக்குக் கையில் என்ன இருக்க வேண்டும்?

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. நம் புரோத்ராபூருக்குப் பக்கத்துச் சிப்பிகாட்டில் நிலமே தாழ்ந்து, வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றுவிட்டது. இந்தியப் புவித்தட்டு நம் தீவுகளுக்கு அடியில் இன்றும் நுழைந்துகொண்டே இருப்பதால், ஆயத்தமாக இருப்பது நம் கடமை.

இரயில்வேயில் மழைக்கால இரவு ரோந்து செல்பவர் கைவிளக்கு, விசில், டெட்டனேட்டர் எடுத்துச் செல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வேலையில்லாத பொருள் வெறும் சுமை. நம் பையையும் அவ்வாறே நிரப்ப வேண்டும்.

1. அன்றாடம் உடன் இருக்க வேண்டியவை

சிறு டார்ச், விசில், கைக்குட்டை, இரண்டு நாள் மருந்து, கொஞ்சம் சில்லறைப் பணம், உறவினர் தொலைபேசி எண்கள் எழுதிய தாள். மின்சாரம் போனால் செல்பேசியில் உள்ள எண்கள் உதவா. இடிபாட்டில் சிக்கியவர் கத்தினால் தொண்டை கட்டிவிடும். விசில் ஊதக் குழந்தைக்கும் முடியும். மும்மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் குறி.

2. கதவருகே மாட்ட வேண்டிய பை

குடிநீர், பிஸ்கட், சிறு ரேடியோ, பேட்டரி, கயிறு, தீப்பெட்டி, முதலுதவிப் பொருள்கள். ஆதார், ரேஷன் அட்டை, தீவுவாசி அட்டை ஆகியவற்றின் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

3. கத்தி

பலரும் கத்தியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டியது. கயிறு அறுக்க, துணி கிழிக்க, பொட்டலம் பிரிக்க மூன்று அங்குல அலகு போதும். ஸ்விட்சர்லாந்துப் படைவீரர்களுக்கு 1891 முதல் வழங்கப்பட்ட மடக்குக் கத்தியில் அலகுடன் டின் திறப்பானும் திருப்புளியும் இருந்தன. அத்தகையதே குடும்பத்துக்கு ஏற்றது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். விரித்தால் அலகு பூட்டிக்கொள்ள வேண்டும்; இல்லையேல் விரலில் மடங்கும். ஈரக் கையிலும் பிடி வழுக்கக் கூடாது. நம் உப்புக் காற்றில் சாதாரண எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே துருப்பிடிக்காத எஃகே நல்லது. அதையும் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வையுங்கள். தேங்காய் வெட்டும் அரிவாள் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகக் கருதுகின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சென்னைக்கு விமானம் ஏறும்போது கத்தி, சரக்கில் போடும் பெட்டிக்குள் போக வேண்டும். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாற்றி வைக்காதீர்கள்.

4. பையைவிட முக்கியமானது

கடலோரத்தில் இருக்கும்போது நிற்க முடியாத அளவு நிலம் ஆடினாலும், நெடுநேரம் ஆடினாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். பை கைக்கு எட்டினால் எடுங்கள், எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பாதீர்கள்; அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம். அவசர உதவிக்கு 112.

பயிற்சி: இந்த ஞாயிறு இரவு வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளை டார்ச்சையும் விசிலையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பை மாட்டிய இடத்தை மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீர், மருந்து, பேட்டரியை மாற்றுங்கள்.