பப்பூவின் பட்டாளக் காகிதங்கள்

என் மனைவியின் தாத்தா கிரேக்க நாட்டில் ஆர்காடியா பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1912இல், 17 வயதில் கப்பலேறி அமெரிக்கா வந்தார். மாசசூசெட்ஸின் லோவெல் நகரில் பஞ்சாலை வேலை. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர். கிரேக்க வீடுகளில் தாத்தாவைப் ‘பப்பூ’ என்பார்கள். அவரைப் பார்த்திராத எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. கோவிலில் அவருக்கு நடக்கவிருந்த நினைவு வழிபாட்டுக்காக வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளைக்குத்தான் நேரம் இருக்கிறதாம்!

“பப்பூவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: நல்ல மனிதர், பாடுபட்டு உழைத்தார். கதை கிளம்பியது சமையலறையில்தான். வழிபாட்டுக்குக் ‘கொல்லிவா’ செய்வார்கள். கோதுமையை அவித்து, ஈரம் போகத் துணியில் பரப்பி, மாதுளை முத்தும் பாதாமும் திராட்சையும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடியைத் தூவி வழவழவென்று அழுத்திவிடுவார்கள். மாதுளையை உதிர்த்தபடியே மாமியாரும் அவர் தங்கையும் பேசத் தொடங்கினார்கள். ஆலையிலிருந்து வந்ததும் புருவத்தில் படிந்த பஞ்சைத் துடைப்பாராம். ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் பூட்டி வைப்பாராம். பெரியவர்களிடம் கேட்பதென்றால் அவர்கள் கைவேலையாக இருக்கும்போது கேளுங்கள். “வாழ்க்கை எப்படி இருந்தது” என்று கேட்காமல், “சட்டைப் பையில் என்ன வைத்திருப்பார்” என்று கேளுங்கள்.

காகிதம் தேடப் போனால் அப்பா பெயர் தெரிந்திருக்கவேண்டும். கிரேக்க வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அதனால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பார்கள். நம் இனிஷியல் மாதிரி, அப்பா பெயரை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கமுடியும். பிறந்த தேதியிலும் குழப்பம் உண்டு. கிரேக்க அரசு 1923வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. எனவே 12, 13 நாள் தள்ளி இரண்டு தேதிகள் கிடைத்தால் இரண்டு ஆள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

குடும்பக் கதைகளைக் கேளுங்கள், அப்படியே அச்சேற்றிவிடாதீர்கள். கப்பலில் வந்திறங்கியவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிதான் நீளமான குடும்பப் பெயரை வெட்டிவிட்டார் என்று இங்கே மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். அங்கிருந்த அதிகாரிகள் பெயர் எழுதவில்லை. கப்பல் கம்பெனி புறப்படும்போதே எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பட்டியலில் பப்பூவின் பெயர் முழுசாக இருக்கிறது. குடியுரிமை மனுவில் அவரே சுருக்கிக்கொண்டிருக்கிறார். மாமியாருக்கு இதில் இன்னும் வருத்தம்தான். எனக்கென்னவோ, இந்தப் பப்பூவைத்தான் பிடித்திருக்கிறது.

அந்த மனு 1918ஆம் ஆண்டுத் தேதியிட்டது. அந்த ஆண்டு மே மாதம் வந்த சட்டம், படையிலிருந்த வெளிநாட்டவருக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லாமலே குடியுரிமை கொடுத்தது. கூடவே இன்னொரு சட்டத்தையும் படிக்கவேண்டும். 1924இல் கிரேக்கர்களுக்கான குடியேற்ற ஒதுக்கீட்டை ஆண்டுக்கு வெறும் 100 பேர் என்று குறைத்தார்கள். தம்பியை ஏன் கடைசிவரை கூட்டிவரவில்லை என்று உறவினர்கள் பப்பூவைக் குறைசொல்வதுண்டு. சட்டத்தைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை நான் எழுதவில்லை.

படைக்கோப்புதான் பெரிய தலைவலி. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில், 1912 நவம்பருக்கும் 1960 தொடக்கத்துக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. நகலும் கிடையாது. ஆனால் 1917, 1918இல் ஆண்கள் பதிந்த படைச்சேர்ப்பு அட்டைகள் வேறிடத்தில் பத்திரமாக இருக்கின்றன. பப்பூவின் அட்டையில் பிறந்த ஊர், வேலை செய்த ஆலை, கோணலான கையெழுத்து எல்லாம் இருந்தன. விடுவிப்புச் சான்றிதழைப் பலர் ஊர் அலுவலகங்களிலும் பதிந்துவைத்தார்கள். எங்களுக்கு அது அப்படித்தான் கிடைத்தது. ஆகவே “எரிந்துவிட்டது” என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாமல் உள்ளூர் அலுவலகத்தில் கேளுங்கள். படையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்தவரின் கோப்பு மிஞ்சியிருந்தால், உறவுமுறை நிரூபிக்காமலே யாரும் நகல் வாங்கலாம்.