பளபளக்கும் பெட்டி

மின்சார கிட்டார் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய காலடியில் சின்னப் பெட்டிகள் சில இருக்கும். பாட்டின் நடுவே அவர் ஒரு பெட்டியைக் காலால் அழுத்துவார். உடனே கிட்டாரின் ஒலி மாறும். மெல்லிய ஒலி கரகரப்பாகும். அல்லது கிணற்றுக்குள் கத்தியது போல எதிரொலிக்கும். இந்தப் பெட்டிக்குப் 'பெடல்' என்று பெயர்.

1962இல் அமெரிக்காவில் இப்படி ஒரு பெடல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன். 1965இல் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைப் பயன்படுத்தியது. அதன் பிறகு உலகம் முழுவதும் பெடல் பரவியது.

தில்லிக்கும் இந்த இசை புதிதல்ல. 1990இல் இந்தியன் ஓஷன் என்ற குழு தில்லியில் தொடங்கியது. 1991இல் பரிக்கிரமா என்ற குழு தொடங்கியது. இவர்களைப் பார்த்துப் பல இளைஞர்கள் கிட்டார் எடுத்தார்கள்.

வெளிநாட்டுப் பெடலின் விலை அதிகம். அதனால் சிலர் தாங்களே பெடல் செய்கிறார்கள். மின்சாரப் பாகங்கள் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில் கிடைக்கும். திருகு, அரம், துளையிடும் கருவி சாவ்ரி பஜாரில் கிடைக்கும். வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட் காஷ்மீரி கேட் பக்கம் கிடைக்கும்.

பெட்டி அலுமினியத்தால் ஆனது. பலரும் வாங்கும் அளவு ஏறக்குறைய 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். உள்ளே இருக்கும் சுற்று நன்றாக இருந்தாலும், வாங்குபவர் முதலில் பார்ப்பது வெளிப்பெட்டியைத்தான். கண்ணாடி போல மின்னினால் கையில் எடுப்பார். பெயிண்ட் உரிந்திருந்தால் வைத்துவிடுவார்.

அந்த மினுமினுப்பைத் தருவது நிறமில்லாத மேல்பூச்சு. இதைக் கிளியர் லேக்கர் என்று கடையில் கேட்கலாம். இது அழகுக்கு மட்டும் அல்ல. பெடலைக் காலால் மிதிக்கிறார்கள். செருப்பு உரசும். வியர்வையும் தண்ணீரும் படும். மேல்பூச்சு நிறத்தையும் எழுத்தையும் காக்கிறது.

இந்த வேலையைக் கற்றவர் பெடலோடு நிற்க வேண்டியதில்லை. ரேடியோப் பெட்டி, தையல் மிஷின், சைக்கிள் பாகம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் துளை, பிறகு பூச்சு

பெட்டியில் பல துளைகள் வேண்டும். கால் சுவிட்சுக்கு ஒன்று. திருகு குமிழ்களுக்குச் சில. கிட்டார் வயர் செருகும் இடத்துக்கு இரண்டு. எல்லாத் துளைகளையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். பூச்சு அடித்த பிறகு துளை போட்டால் ஓரம் உடைந்து உரியும்.

துளையின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுங்கள். பாகங்களை ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் கழற்றி வையுங்கள்.

பிறகு பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய வையுங்கள். 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். அடுத்து 400 எண் தாளால் தேயுங்கள். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். கடைசியில் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள்.

இனிமேல் வெறும் விரலால் தொடாதீர்கள். விரலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும்.

அலுமினியத்தில் ஒரு சங்கடம் உண்டு. காற்றுப் பட்டதும் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகும். சாதாரண பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் 'எட்ச் பிரைமர்' என்று கேட்டு வாங்குங்கள். இது உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும்.

பெட்டியின் உட்பக்கத்தையும் மூடி உட்காரும் விளிம்பையும் டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே பெயிண்ட் படக் கூடாது. உலோகமும் உலோகமும் தொட்டால்தான் பெட்டி வெளி இரைச்சலைத் தடுக்கும். நடுவே பெயிண்ட் இருந்தால் மின்தொடர்பு அறுந்துபோகும். பெடல் 'ம்ம்ம்' என்று இரையும்.

நிறமும் எழுத்தும்

பிரைமர் காய்ந்த பிறகு நிறம் அடியுங்கள். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும். நிறமும் மேல்பூச்சும் ஒரே வகையாக இருப்பது நல்லது. சரியாகக் காயாத எனாமல் பெயிண்டின் மேல் லேக்கர் அடித்தால் அது சுருங்கி, சுட்ட அப்பளம் போல் ஆகிவிடும்.

பிறகு எழுத்தும் படமும் வரையலாம். லாரியின் பின்னால் பூவும் மயிலும் வரைகிறார்களே, அந்தக் கைவேலை இங்கேயும் பயன்படும். கையால் வரைந்த பெட்டி கடையில் கிடைக்காது. அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எழுத்து காய ஒரு நாள் விடுங்கள். மேல்பூச்சின் முதல் தடவை பனி படிந்தது போல லேசாக இருக்க வேண்டும். ஈரமாக அடித்தால் மை கலங்கி ஓடும்.

மெல்லிய பூச்சு

புதிதாக வேலைக்கு வந்த பையன் பட்டறையில் இப்படிக் கேட்பான்:

"ஏன்ணே, ஒரே தடவையாத் தடிப்பா அடிச்சா வேலை சீக்கிரம் முடிஞ்சிடுமே?"

பழகிய கைக்காரர் சொல்வார்:

"கஞ்சி ஆறுறதைப் பாத்திருக்கியா தம்பி? மேல ஆடை படியும். அடியில தண்ணியாத்தான் இருக்கும். தடிப்பா அடிச்சாலும் அப்படித்தான். மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும். அடியில ஈரம். நகம் பட்டா பள்ளம் விழும்."

அவர் சொல்வது சரி. லேக்கரில் பசையும் தின்னரும் கலந்திருக்கின்றன. தின்னர் காற்றில் பறந்துபோனால்தான் பூச்சு இறுகும். தடித்த பூச்சில் தின்னர் உள்ளே மாட்டிக்கொள்ளும். மெல்லிய பூச்சில் எளிதாக வெளியேறும். அடுத்த பூச்சு விழும்போது பழைய பூச்சு கொஞ்சம் இளகும். இரண்டும் ஒன்றாகச் சேரும்.

அடிக்கும் முறை இதுதான்:

• டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்.
• பெட்டிக்கும் டப்பாவுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். அது 20 முதல் 25 செ.மீ. வரை இருக்கும்.
• பெட்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்குங்கள். கையை ஒரே வேகத்தில் நகர்த்துங்கள். பெட்டியைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள்.
• ஒவ்வொரு கோடும் முந்திய கோட்டில் பாதியை மூட வேண்டும்.
• 10 முதல் 15 நிமிடம் விட்டு அடுத்த பூச்சு அடியுங்கள். டப்பாவில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.
• நான்கைந்து மெல்லிய பூச்சு போதும்.

தில்லியின் பருவம்

தில்லியில் எல்லா மாதமும் இந்த வேலைக்கு ஏற்றதல்ல.

ஜூலை, ஆகஸ்டில் மழை. காற்றில் ஈரம் அதிகம். தின்னர் பறக்கும்போது பூச்சின் மேல்பக்கம் குளிரும். காற்றின் ஈரம் அதில் படியும். பூச்சு பால் போல வெளுத்துவிடும். கூலர் ஓடும் அறையிலும் இதே கதைதான். கூலர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது அல்லவா?

மே, ஜூனில் கடும் வெயில். சில நாள் 45 டிகிரியைத் தாண்டும். லேக்கர் பெட்டியைத் தொடும் முன்னே காற்றில் காய்ந்துவிடும். மேல்பக்கம் சொரசொரப்பாகும். புழுதிக் காற்றும் வீசும்.

டிசம்பர், ஜனவரியில் குளிரும் மூடுபனியும். பூச்சு காய நேரமாகும்.

பிப்ரவரி, மார்ச், அக்டோபர் மாதங்கள் நல்லவை. பனி விலகிய பிறகு, வெயில் ஏறும் முன்பு, காற்று அதிகம் இல்லாத நேரம் பாருங்கள்.

மூச்சு முக்கியம்

தில்லியில் பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான் வீடு. சமையல் அங்கேதான். படுக்கை அங்கேதான். அந்த அறையில் ஒருபோதும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். தள்ளி இருக்கும் அடுப்பையோ ஊதுபத்தியையோ தொட்டால் தீப்பிடிக்கும். சுவிட்ச் போடும்போது வரும் பொறியும் போதும்.

2024 பிப்ரவரி 15 அன்று தில்லியின் அலிப்பூரில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 11 பேர் இறந்தார்கள். அது பெரிய தொழிற்சாலை விபத்து. வீட்டில் இருப்பது ஒரு டப்பா. ஆனால் எரியும் பொருள் ஒரே தன்மையுடையதுதான்.

ஆவியை மூச்சில் இழுத்தால் தலைவலி, மயக்கம், வாந்தி வரும். பல நாள் இழுத்தால் நரம்பும் ஈரலும் கெடும். முகத்தில் துண்டு கட்டினால் தூசிதான் ஓரளவு நிற்கும். ஆவி நிற்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

மொட்டை மாடியில் அடியுங்கள். காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும்படி நில்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வரக் கூடாது. பீடி, சிகரெட் கூடாது.

கடைக்காரர் 'பி.யு.' என்ற பூச்சை நீட்டலாம். அதில் இரண்டு டப்பா இருக்கும். ஒன்றை மற்றதில் கலக்க வேண்டும். மினுமினுப்பு அதிகம்தான். ஆனால் அதை இறுக வைக்கும் மருந்து ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. சரியான கூடமும் கருவியும் இல்லாமல் அதை ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

டப்பாவைப் படியுங்கள்

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். எண்களும் தெரியும். டப்பாவில் எழுத்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தெரிந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படங்களையும் பாருங்கள். நெருப்புப் படம் இருந்தால் அது எரியும் பொருள். ஸ்ப்ரே டப்பாவில் 50 டிகிரி என்ற எண் இருக்கும். அதற்கு மேல் சூடானால் டப்பா வெடிக்கலாம். வெயிலில் வைக்காதீர்கள். காலி டப்பாவையும் குத்தாதீர்கள், எரிக்காதீர்கள்.

ஈயம் கலந்த பெயிண்ட் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இந்த விதி 2016இல் வெளியானது. 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேயுங்கள். தூசி பறக்காது.

காத்திருங்கள், பிறகு தேயுங்கள்

கடைசிப் பூச்சு அடித்ததும் வேலை முடியவில்லை. பெட்டியைத் தூசி படாத இடத்தில், ஆட்கள் படுக்காத இடத்தில் வையுங்கள். ஒரு வாரமாவது விடுங்கள். குளிர் காலத்தில் இன்னும் கூட விடுங்கள்.

காய்ந்ததா என்று எப்படி அறிவது? மூக்கருகே கொண்டுவாருங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. வாடை இல்லை என்றால் காய்ந்துவிட்டது.

இப்போது 1000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனையுங்கள். ஒரு சொட்டுச் சோப்புத் தண்ணீர் சேருங்கள். மெதுவாகத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலாகும். பயப்படாதீர்கள். மேடு பள்ளம் சமமாகிறது. அடுத்து 1500, பிறகு 2000 எண் தாள். ஓரங்களை அழுத்தித் தேய்க்காதீர்கள். அங்கே பூச்சு மெலிந்திருக்கும்.

கடைசியில் மெல்லிய துணியில் ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து வட்டமாகத் தேயுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒளி வரும். பெட்டியில் உங்கள் முகம் தெரியும்.

குறை வந்தால்

ஒழுகல்: அதிகமாக அடித்ததால் வந்தது. நன்றாகக் காய விட்டுத் தேய்த்துச் சமமாக்கி மீண்டும் அடியுங்கள்.

கமலாப்பழத் தோல் போன்ற மேடு பள்ளம்: தூரத்திலிருந்து அடித்ததால் வந்திருக்கலாம். வாட்டர் பேப்பரால் தேயுங்கள்.

வெளுப்பு: காற்றின் ஈரத்தால் வந்தது. வறண்ட நாளில் ஒரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

வட்டப் புள்ளி: எண்ணெய்ப் பசையால் வந்தது. தேய்த்து, துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் குறைகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. மினுமினுப்பு கடைசிப் பூச்சில் இல்லை. முதலில் தேய்த்த தேய்ப்பிலும் இடையில் காத்த நேரத்திலும் இருக்கிறது. காத்திருக்கக் காசு செலவில்லை.

கணக்குப் போடுங்கள்

ஒரு லேக்கர் டப்பா 320 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 பெட்டிகளுக்குப் பூச்சு அடிக்கலாம். ஒரு பெட்டிக்கு லேக்கர் செலவு எவ்வளவு? பிரைமர், நிறம், தாள் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு இன்னும் 60 ரூபாய். மொத்தச் செலவு எவ்வளவு? இரண்டு மணி நேர உழைப்புக்குக் கூலி எவ்வளவு சேர்ப்பீர்கள்? கூலியைச் சேர்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

பயிற்சி

1. துளைகளை ஏன் முதலில் போட வேண்டும்?
2. பெட்டியின் உட்பக்கத்தை ஏன் டேப் ஒட்டி மறைக்கிறோம்?
3. தில்லியில் ஆகஸ்ட் மாதம் பூச்சு ஏன் வெளுக்கிறது?
4. துண்டு கட்டினால் தின்னர் ஆவி நிற்குமா?
5. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு டப்பாவை எடுங்கள். அதில் உள்ள எச்சரிக்கையைப் படித்து நோட்டில் எழுதுங்கள்.
6. உங்கள் பகுதியில் பெயிண்ட் வேலை செய்பவர்கள் எங்கே நின்று அடிக்கிறார்கள்? காற்றோட்டம் உண்டா? கூடிப் பேசுங்கள்.