உதவியைத் தடுக்கும் கைகள்



அல்கலம் சூராவின் 17 முதல் 33 வரையுள்ள ஆயத்துகளில் அல்லாஹுத் தஆலா தோட்டக்காரர்கள் சிலரின் சம்பவத்தைச் சொல்லிக் காட்டுகிறான். அவர்களுடைய தந்தை அறுவடை நாளில் ஏழைகளுக்குப் பங்கு கொடுத்து வந்தவர் என்று முஃபஸ்ஸிரீன்கள் கூறுகிறார்கள். அவர் மவ்த்தான பின் பிள்ளைகளின் எண்ணம் மாறியது. ஏழைகள் வருவதற்கு முன், விடியும்போதே அறுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். போகும் வழியெல்லாம் குசுகுசுவெனப் பேசிக்கொண்டே போனார்கள். போய்ப் பார்த்தால், இரவோடிரவாகத் தோட்டம் அழிந்து கிடந்தது.

இங்கே கவனியுங்கள். அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. ஏழைக்குப் போய்ச் சேர வேண்டியது போகாமல் வழியை அடைத்தார்கள், அவ்வளவுதான். ஏன் மெதுவாகப் பேசினார்கள்? உள்ளே இருந்த நோக்கம் சத்தமாகச் சொல்லக்கூடியதல்ல.

தாது வருஷப் பஞ்சம்

நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் அது. இரண்டு பருவ மழையும் சேரும் தாமிரபரணி இருந்தும், ஆற்றுப்பாசனம் எட்டாத கரிசல் காட்டிலும் தேரிக்காட்டிலும் பிழைக்க வழியில்லாமல் போனது. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம்.

இத்தனைக்கும் தானியம் கொண்டுவர வழி இருந்தது. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை 1876-இலேயே தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை மெட்ராஸ் மாகாணத்தின் நிவாரண வேலைகளைப் பார்வையிட அனுப்பினார். அவர் செய்த முக்கிய வேலை, நிவாரணக் கூலியைக் குறைத்தது. நாள் முழுதும் கல்லும் மண்ணும் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது 450 கிராம், கூடவே சில்லறைக் காசு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உழைக்கும் உடல் தாங்காது என்று எழுத்து மூலம் எதிர்த்தார். சில மாதங்களில் மெட்ராஸ் அரசு கூலியைக் கூட்டியது. ஆனால் அதற்குள் போன உயிர்கள் திரும்பவா போகின்றன? அந்தப் பஞ்சம் முழுவதிலுமாக 50 லட்சத்திற்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

டெம்பிளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 1874-இல் பீகார் பஞ்சத்தில் இதே மனிதர்தான் பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி உயிர்களைக் காப்பாற்றினார். அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவு. ஆனால் அரசாங்கப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று மேலிடத்தில் கெட்ட பெயர் வாங்கினார். அந்தப் பெயரைத் துடைக்கவே மெட்ராஸில் கையை இறுக்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வெளியே சொன்ன காரணம் சிக்கனம். அதே 1877-இல் அவர் பம்பாய் கவர்னர் ஆனார்.

உமர் (ரலி) அவர்களின் வழி

ஹிஜ்ரி 18-இல் மதீனாவில் கடும் பஞ்சம். சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாண ஆளுநர்களுக்கு உடனே கடிதம் அனுப்பினார்கள். ஷாமிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் 4000 ஒட்டகங்களில் உணவு கொண்டு வந்தார்கள். மக்களின் கஷ்டம் தீரும்வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் இருந்தார்கள். வெறும் எண்ணெய் தொட்டு உண்டதில் மேனியின் நிறமே மாறிப்போனது. டெம்பிள் தன் பெயரைக் காப்பாற்ற ஏழையின் உணவைக் குறைத்தார். உமர் (ரலி) அவர்கள் ஏழைக்காகத் தம் உணவைக் குறைத்தார்கள்.

நம் கையில் உள்ள கதவு

சகோதரர்களே! பதவி என்றால் கலெக்டர் பதவி மட்டுமல்ல. ஒரு கையெழுத்து, ஒரு சாவி, ஒரு சிபாரிசு நம்மிடம் இருந்தாலும் அது அமானத்துதான். தேவையுள்ளவர் வரும்போது கதவை அடைத்துக்கொள்ளும் பொறுப்பாளருக்கு, அவருடைய தேவையின்போது அல்லாஹ் வானத்தின் கதவை அடைத்துவிடுவான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது திர்மிதீயில் பதிவாகியுள்ளது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒருவரின் மனு பைத்துல்மாலுக்கு வருகிறது. “அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்” என்கிறோம். உண்மையிலேயே விசாரிக்க வேண்டியிருந்தால் அது சரி. விசாரணையை அன்றைக்கே முடிக்கலாம். ஆனால் போன நிர்வாகத் தேர்தலில் அவர் எதிர் அணியில் நின்றார் என்பதற்காகத் தள்ளிப்போட்டால்? அப்போது சட்டம் வெறும் போர்வை. தோட்டக்காரர்கள் குசுகுசுத்தது இதைத்தான்.

அந்தத் தோட்டக்காரர்களில் நடுநிலையான ஒருவர் இருந்தார். முன்பே எச்சரித்தேனே என்று பிறகு அவர் நினைவூட்டியதையும் குர்ஆன் சொல்கிறது. கூட்டத்தில் நால்வர் தலையாட்டினாலும், கார்னிஷைப் போல ஒருவராவது “இது தவறு” என்று எழுதி வைக்க வேண்டும். அவருடைய சொல்லுக்குப் பிறகுதான் கூலி கூடியது.

ஓர் உயிரை வாழ வைப்பது மனித குலம் முழுவதையும் வாழ வைப்பது போன்றது என்பது மாயிதா சூராவின் 32-ஆம் ஆயத்து தரும் பாடம். ஒரு மனுவைத் தள்ளிவைக்கும் முன், இந்தக் காரணத்தை ஜமாஅத்தார் முன்னால் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். சொல்ல முடியாது என்றால், உடனே கையெழுத்தைப் போட்டுவிடுவோம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் நன்மையின் வாசலைத் திறப்பவர்களாகவும், எவருடைய உதவியையும் தடுக்காதவர்களாகவும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.