மோட்டார் வண்டியின் கூரைக்கண்ணாடி: பழுதும் பாதுகாப்பும்

கொல்லிமலையின் அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து சோளக்காட்டிற்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மிளகு, காப்பி, வாழை, பலா, அன்னாசி முதலிய விளைபொருள்கள் இப்பாதை வழியாகச் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. உரமும் விதையும் கருவிகளும் இவ்வழியே மேலேறுகின்றன. அடிவாரத்தில் வெயில் காயும் வேளையிலும் மேலே மழை பெய்துகொண்டிருப்பது இம்மலையில் அபூர்வமன்று.

இக்காலத்தில் நிலமுடையோரில் அநேகர் சொந்தமாகக் கார் வைத்திருக்கின்றனர். புதிய கார்கள் பலவற்றின் கூரையில், திறந்து மூடத்தக்க கண்ணாடிப் பலகை ஒன்று அமைந்திருக்கிறது. இதனைச் சன்ரூஃப் என்பர். இங்கே கூரைக்கண்ணாடி எனக் குறிக்கப்படும். காற்றும் வெளிச்சமும் தருவதால் இது விரும்பத்தக்கதே. ஆயினும் இதனைப் பேணும் முறையை அறிந்தோர் சிலரே. பழுது நேர்ந்தபின் செய்யப்படும் தவறான வைத்தியத்தால், சிறு பழுது பெருஞ்செலவாக முடிகிறது.

மழைநீர் உட்புகுந்தால் நனைவது இருக்கைகள் மாத்திரமன்று. விதைப் பைகளும், கிராம உத்தியோகஸ்தர் கொண்டுசெல்லும் கணக்குப் புத்தகங்களும் கெடும். மேலும், காலடி விரிப்பின் கீழே மின்கம்பிகளும் அவற்றின் இணைப்புகளும் செல்கின்றன. அவை நனைந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடக்கூடும். இருட்டிய பின் மழையில், வளைவொன்றில் நின்றுவிட்ட வண்டி, அதில் இருப்போருக்கும் பின்வருவோருக்கும் அபாயமானது. ஆகையால் இவ்விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

அமைப்பு

கூரைக்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு, மழைநீர் முழுவதையும் தடுத்து நிறுத்தும் என்று அநேகர் நினைக்கின்றனர். இது பிழை. அவ்விளிம்பு நீரின் பெரும்பகுதியைத் தடுக்கும். சிறிது நீர் அதனைக் கடந்து உள்ளே வருவது இயல்பே. அந்நீரை ஏற்பதற்காகக் கண்ணாடியின் கீழே ஒரு தொட்டிச்சட்டம் இருக்கிறது. அதன் மூலைகளில் துவாரங்களும், அவற்றிலிருந்து கீழிறங்கும் மெல்லிய குழாய்களும் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் இவை நான்கு. முன்னிரண்டு குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத்துத் தூண்களுக்குள்ளும், பின்னிரண்டு குழாய்கள் பின்புறத் தூண்களுக்குள்ளும் இறங்கி, நீரை வண்டியின் அடியில் விடுகின்றன.

எனவே, கூரைக்கண்ணாடியின் காவல் இரண்டு வகையினது: ரப்பர் விளிம்பு வரப்பைப் போன்றது, குழாய்கள் வடிகாலைப் போன்றவை. வடிகால் தூர்ந்துபோன வயலில் வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் பயிர் அழுகுவது தப்பாது. அவ்வாறே, குழாய் அடைபட்ட வண்டியில் ரப்பரின்மேல் எவ்வளவு பசை பூசினாலும் ஒழுக்கு நிற்காது. நீர் வரும் வழியை அடைப்பதைவிட, நீர் போகும் வழியைத் திறந்து வைப்பதே முதற்கடமை.

மலைப்பாதையில் இன்னுமொரு விசேஷம் உண்டு. வண்டி மேலேறும்போது முன்பக்கம் உயர்ந்திருப்பதால், தொட்டிச்சட்டத்திலுள்ள நீர் பின்மூலைகளை நோக்கி ஓடும். கீழிறங்கும்போது முன்மூலைகளை நோக்கி ஓடும். வளைவுகளில் பக்கவாட்டில் அலையும். சமதரையில் ஒரு குழாய் அடைபட்டிருந்தால் மற்ற மூன்றும் ஒருவாறு ஈடுகொடுக்கலாம். மலையிலோ நான்கும் திறந்திருத்தல் அவசியம். நாமக்கல்லில் ஒழுகாத வண்டி சோளக்காட்டில் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அடைப்பின் அறிகுறிகள்

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின் கீழும், பலா மரங்களின் கீழும் வண்டியை நிறுத்தும் வழக்கம் மலையில் உண்டு. சருகும் பூந்துகளும் மண்தூசியும் தொட்டிச்சட்டத்தில் சேர்ந்து, மழையில் ஊறிச் சேறாகிக் குழாயின் வாயை அடைக்கின்றன. குழாயின் கீழ்முனையிலும் சேறு படிவதுண்டு.

கூரையின் உள்துணியில், வெயில் மறைப்புப் பலகையின் அருகே ஈரக்கறை தோன்றுதல், முன்காலடி விரிப்பு நனைதல், வண்டியை நிறுத்தும்போது தலைக்கு மேலே நீர் தளும்பும் ஓசை கேட்டல், மூடியிருந்த வண்டியைத் திறந்தவுடன் பூஞ்சண வாடை வீசுதல் ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மறுமழைக்கு முன் கவனிக்க வேண்டும்.

குழாய்களைச் சுத்தம் செய்யும் முறை

இவ்வேலையை வீட்டிலேயே செய்யலாம். மென்மையான தூரிகை, பழந்துணி, ஒரு டம்ளர் சுத்தமான நீர், வளையக்கூடிய நைலான் இழை ஆகியவை போதும். புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் நைலான் இழை இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் முனை கூர்மையாக இருந்தால் குழாயைக் கிழிக்கும். ஆகையால் முனையை நெருப்பில் சிறிது காட்டி மழுக்கிக்கொள்ளல் வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கூரைக்கண்ணாடியை முழுவதும் திறக்கவேண்டும். தொட்டிச்சட்டத்திலுள்ள சருகையும் மண்ணையும் முதலில் தூரிகையாலும் துணியாலும் வெளியே எடுக்கவேண்டும், துவாரத்திற்குள் தள்ளிவிடலாகாது. பின்னர் முன்மூலைத் துவாரம் ஒன்றில் அரை டம்ளர் நீரை மெதுவாக ஊற்றி, முன்சக்கரத்தின் அருகே வண்டியடியில் நீர் சொட்டுகிறதா என்று மற்றொருவர் பார்க்கவேண்டும். நீர் தடையின்றி இறங்கினால் அக்குழாய் நன்றாயிருக்கிறது. இறங்காமல் தேங்கினால், நைலான் இழையை மெதுவாகச் செலுத்தி, முன்னும் பின்னும் அசைத்து அடைப்பை நீக்கி, மறுபடியும் நீர் ஊற்றிப் பார்க்கவேண்டும்.

பின்மூலைத் துவாரங்கள் சில வண்டிகளில் கண்ணுக்குத் தெரியா. அவ்வாறான வண்டியை முன்பக்கம் சிறிது உயர்ந்த சரிவில் நிறுத்தித் தொட்டிச்சட்டத்தில் சிறிது நீர் விட்டால், அது பின்குழாய்களின் வழியே இறங்குவதைக் காணலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சக்கரத்திற்குக் காற்றடிக்கும் பம்பினால் குழாய்க்குள் பலமாகக் காற்றைச் செலுத்துவது அநேகரின் வழக்கம். அதனால் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்று, கூரைக்குள்ளேயே நீரைக் கொட்டும். கம்பியை விட்டுக் குத்துவதும் இவ்வாறே கேடு தரும். இழைக்கு மசியாத அடைப்பைப் பணிமனையில் காட்டுவதே உத்தமம்.

மூடாமல் நின்றுவிட்ட கண்ணாடி

கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டதென்று உடனே முடிவு செய்யலாகாது. கண்ணாடி செல்லும் தடங்களில் சருகோ கல்லோ இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். பல வண்டிகளில், மூடும்போது தடை ஏதேனும் தட்டுப்பட்டால், விரல் நசுங்காதபடி கண்ணாடி தானே பின்வாங்கும் ஏற்பாடு உண்டு. தடத்தில் அழுக்கு இருந்தாலும் அது விரலென்று கொள்ளப்பட்டுக் கண்ணாடி திரும்பிவிடும். தடத்தைத் துடைத்தவுடன் பழுது நீங்கிய வண்டிகள் அநேகம்.

தடம் சுத்தமாயிருந்தும் அசையாவிடில், வண்டியின் கையேட்டைப் பார்த்து, கூரைக்கண்ணாடிக்குரிய ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். எரிந்திருந்தால் அதே அளவுள்ள ஃபியூஸையே போடவேண்டும். பெரியதைப் போட்டால் கம்பி எரியும். பாட்டரியைக் கழற்றி மாட்டிய பின் சில வண்டிகளில் கண்ணாடி தன் நிலையை மறந்துவிடும். அப்போது விசையைக் கையேட்டில் கண்டபடி சற்றுநேரம் அழுத்திப் பிடித்தால் மறுபடியும் ஒழுங்குபடும். இந்நேரத்தில் விரல்காக்கும் ஏற்பாடு வேலை செய்யாதிருக்கலாம். ஆதலால் குழந்தைகளை அகற்றிவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

சில வண்டிகளில் உட்கூரை விளக்கின் பின்புறம், மோட்டாரின் தண்டில் அறுகோணக் குழி ஒன்று இருக்கும். அதில் ஆலன் சாவியைப் பொருத்தி மெதுவாகத் திருப்பிக் கண்ணாடியை மூடலாம். இவ்வசதி எல்லா வண்டிகளிலும் இல்லை. தம் வண்டியில் உண்டா என்பதை, மழையில் அகப்பட்டுக்கொண்ட பின்னரன்றி, முன்னரே அறிந்து வைத்தல் நலம்.

தடத்திற்குக் கையேட்டில் கூறிய கிரீஸை மெல்லியதாகத் தடவவேண்டும். சமையல் எண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் தூசியை ஈர்த்துப் பிசினாகும். ரப்பர் விளிம்பை மிதமான சோப்பு நீரால் துடைத்து, உலர்ந்த பின் சிலிக்கோன் பூச்சைச் சிறிதளவு இடலாம். மண்ணெண்ணெயும் சாதாரணக் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

கண்ணாடி உடைந்தால்

முன்கண்ணாடியில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் உண்டு. அதில் விழும் சிறு கீறலைப் பசையிட்டு அடைக்க இயலும். கூரைக்கண்ணாடியோ பெரும்பாலும் காய்ச்சிச் சடுதியில் குளிரச்செய்து பதப்படுத்தப்பட்டது. அது உடைந்தால் முழுவதும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறும். அதனை ஒட்டவோ வெட்டிப் பொருத்தவோ இயலாது. முழுப் பலகையையும் மாற்றவேண்டும்.

பலாக்காய் விழுந்தோ, முன்வண்டியின் சக்கரத்திலிருந்து கல் தெறித்தோ கண்ணாடி உடைந்துவிட்டால், வளைவில் நிற்காமல், அகலமான இடம் வரை மெதுவாகச் சென்று நிறுத்தவேண்டும். விசையை அழுத்தலாகாது, தடத்தில் விழுந்த துண்டுகள் சிக்கி மோட்டாரையும் கெடுக்கும். கையுறை அணிந்து, தளர்ந்திருக்கும் துண்டுகளை அகற்றவேண்டும். காப்புறுதி உள்ளவர்கள் சுத்தம் செய்வதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

தற்காலிக மூடிக்கு, பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் பாலிதீன் தாள் ஏற்றது. திறப்பைவிட நாற்புறமும் ஒரு சாண் அதிகமாக வெட்டி, கூரையைத் துடைத்து உலரவைத்து, தாளை இழுத்துப் பிடித்து அகன்ற ஒட்டுநாடாவால் ஒட்டவேண்டும். முன்விளிம்பில் இடைவெளி சிறிதும் இருக்கலாகாது; காற்று அதன்வழி புகுந்து தாளைப் பிய்த்துவிடும். தாளின் ஓரத்தைக் கதவுக்குள் செருகி மூடுவது தவறு. நீர் அத்தாளையே பற்றிக்கொண்டு உள்ளே வரும். இவ்வாறு மூடிய வண்டியில் மெதுவாகப் பணிமனைக்குச் செல்லலாமேயன்றி, மலையேறுதல் கூடாது.

புதிய பலகையைச் சிறு கூரைக்கண்ணாடிகளில் பக்கத் திருகுகளைக் கழற்றி, வீட்டிலேயே மாற்றுவோரும் உண்டு. பழைய பலகையின் நிலையைக் குறித்துக்கொண்டு, அதே வண்டிவகைக்குரிய பலகையை, கூரையின் மட்டத்திற்குக் கையேட்டில் கண்ட அளவில் பொருத்தவேண்டும். கூரை முழுவதும் பரவிய பெருங்கண்ணாடியும், பசையால் ஒட்டப்பட்ட கண்ணாடியும் வீட்டு வேலைக்கு உரியன அல்ல. லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழிலில் பெயர்பெற்ற நாமக்கல்லில் கண்ணாடி வேலைக்காரர்களைத் தேடுவது கடினமன்று.

செய்யத்தகாதவை

1. கண்ணாடியைச் சுற்றி நிரந்தரமாகப் பசை பூசி அடைத்தல். இதனால் கண்ணாடி திறவாது போவதுடன், உண்மையான பழுது மறைந்து கூரைக்குள் துருவேறும்.

2. கூரையின் உள்துணியைப் பிய்த்துப் பார்த்தல். பல வண்டிகளில் கூரையின் பக்கங்களிலும் தூண்களிலும் விபத்தில் விரியும் காற்றுப்பைகள் உள்ளன.

3. கூரைக்கண்ணாடி இல்லாத வண்டியின் கூரையை வெட்டிப் புதிதாக அமைத்தல். கூரையின் பலம் குன்றும். மேலும், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது.

4. ஓடும் வண்டியில் குழந்தைகளைத் திறப்பின் வழியே எழுந்து நிற்கவிடுதல். வளைவில் திடீரென நிறுத்தினாலும், மரக்கிளை தாழ்ந்திருந்தாலும் உயிருக்கே ஆபத்து.

5. மலைப்பாதையோரத்தில் வண்டியைத் திறந்தபடி விட்டுச் செல்லுதல். மழைக்கு முன்பே குரங்குகள் உள்ளே இறங்கிவிடும்.

காலம் அறிந்து செய்தல்

ஆடி மாதம் 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஏராளமான வண்டிகள் காரவள்ளி வழியாக ஏறுகின்றன. ஆகையால் ஆனி மாதக் கடைசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர்ப் புரட்டாசியில் ஒருமுறையும் நான்கு குழாய்களையும் சோதித்தல் வேண்டும். இதற்குத் தேவை ஒரு டம்ளர் நீரும் அரைமணி நேரமுமே. ஏற்கெனவே விரிப்பு நனைந்திருந்தால், அதனைத் தூக்கி அடியிலுள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, கதவுகளைத் திறந்து வெயிலில் நன்கு உலரவிடவேண்டும். மின்கம்பி இணைப்புகள் நனைந்திருப்பின் மின்வேலை அறிந்தவரிடம் காட்டிய பின்னரே வண்டியை எடுக்கவேண்டும்.

மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரும் பழக்கம் விவசாயிகளுக்குப் புதிதன்று. அதே பழக்கத்தைத் தம் வண்டியின் கூரைக்கும் கைக்கொள்வார்களாயின், வீண்செலவும் நடுவழியில் நேரும் அல்லலும் நீங்கி, மலைப்பாதையில் அச்சமின்றிச் சென்று வருவார்கள்.